உதைக்க மறுத்த கால்

இந்தத் தம்மாம் பட்டணத்தில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் கல்முனையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை முன்பின் தெரியாத மனிதர்கள் என்னைத் தள்ளுகிறார்கள், உதைக்கிறார்கள், கையை முறுக்குகிறார்கள். நான் அவர்களைப் பார்த்து, "இன்னும்! இன்னும் பலமாக!" என்று எனக்குத் தெரிந்த அரபியில் கத்துகிறேன். போன கிழமை ஒரு லொறிச் சாரதி தள்ளிய தள்ளில், பின்னால் இருந்த தண்ணீர் வாளிக்குள் குந்திவிட்டேன். தோள் உடைந்து, கையைத் தூக்க முடியாமல் எங்களிடம் வந்த மனிதன் அவன். என்னை விழுத்திவிட்டோமே என்று அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க, நானோ நனைந்த காற்சட்டையோடு எழும்பி அவனைக் கட்டிப்பிடித்து "மாஷா அல்லாஹ்" என்று குதித்தேன். இவனுக்குத் தலையில் ஏதும் கோளாறோ என்று அவன் மற்றவர்களைப் பார்த்தான்.

நான் இருப்பது ஒரு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பகுதியில். முறிந்தவர்கள், வாதம் அடித்தவர்கள், படுக்கையில் கிடந்து மெலிந்தவர்கள் எல்லாரையும் மறுபடி நடக்க வைப்பதுதான் அங்கே வேலை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் தென்னைகளை அடித்துப் போட்ட பிறகு, கரையோரத்து ஆம்பிளைகள் பலரைப் போல நானும் விமானம் ஏறினேன். வந்தபோது நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளும் வேலைதான். பகுதித் தலைவி மிஸ் மோரா, அயர்லாந்துக்காரி, செம்பட்டைத் தலை, பேச்சில் உறைப்பு. ஒருநாள் நான் ஒரு நோயாளியைக் கட்டிலில் இருந்து தூக்கி வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு நல்ல கை. வா, பழக்குகிறோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை! தள்ளுகிறவனாக வந்தவன் தள்ளப்படுகிறவனாக உயர்ந்தேன்.

முதலில் மசாஜ். நான் பழகுவதற்காக, கூட வேலை பார்க்கும், என்னைவிட வயதில் குறைந்த பிலிப்பைன்ஸ்காரன் நெஸ்டர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தான். நான் எண்ணெய்ப் போத்தலைத் தேட, மோரா ஒரு பவுடர் டின்னை நீட்டினார். வியாதிக்காரனுக்குப் பவுடரா? கல்யாண வீட்டுக்கா போகிறான்? அதுமட்டுமா, நான் தோளில் இருந்து கீழ்நோக்கி உருவினேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி, மேல்நோக்கி, நெஞ்சை நோக்கி உருவச் சொன்னார். இரத்தம் திரும்பும் வழியில்தான் கை போகவேண்டுமாம். உருவல், பிசைதல், விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தல், கையின் ஓரத்தால் தட்டுதல் என்று ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர். நெஸ்டரோ பாடத்தின் நடுவில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டான். "இதுதான் உன் சான்றிதழ்" என்றார் மோரா.

அடுத்தது தசையின் பலம் பார்ப்பது. அதில்தான் நான் மாட்டுப்பட்டேன். பூச்சியத்திலிருந்து ஐந்து வரை ஒரு அளவு உண்டு. அசைவே இல்லாவிட்டால் பூச்சியம். தோலுக்கடியில் ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தால் ஒன்று. பாரம் தாங்காமல், படுக்கைவாட்டில் மட்டும் அசைந்தால் இரண்டு. தன் பாரத்தைத் தானே தூக்கினால் மூன்று. நம் கை அமர்த்தும்போது கொஞ்சம் தாங்கினால் நான்கு, அசையாமல் நின்றால் ஐந்து. கேட்க எவ்வளவு இலேசு! ஆனால் என் முன்னால் இருந்தவர் தாடி நரைத்த ஒரு பாலைவனத்து நாடோடி அரபி, என் மாமனாரின் வயது. அவருடைய கையை நான் எப்படி அமர்த்துவது? மெல்லத் தொட்டேன். நான் சலாம் சொல்லிக் கைகொடுப்பதாக எண்ணி அவர் என் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு சுகம் விசாரித்தார், வீட்டார் சுகமா என்றார், பிள்ளைகள் சுகமா என்றார், பிறகு கோப்பி குடிக்கத் தன் கூடாரத்துக்கு வரச் சொன்னார். நான் அவருக்கு ஐந்து போட்டேன். அடுத்தவருக்கும் ஐந்து. வயதான மனிதனிடம், அதுவும் முகத்துக்கு நேரே, உங்களுக்குப் பலமில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மோரா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உன் கணக்குப்படி இங்கே நோயாளியே இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடலாமா?" என்று கேட்டார். நெஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவர் அமைதியாகச் சொன்னார்: "மரியாதைக்காகப் பொய் சொன்னால் அந்த மனிதனுக்குச் சிகிச்சை கிடைக்காது. எப்போதும் நல்ல பக்கத்தை முதலில் பார். பிறகு நோயுள்ள பக்கம். ஒப்பிட்டுத்தான் முடிவெடு." அன்றிலிருந்து நான் அமர்த்தத் தொடங்கினேன். என்ன சந்தோஷம் தெரியுமா, கையின் கீழே ஒரு தசை நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக எதிர்ப்பதை உணர்வது! வேளாண்மை செய்கிறவன் முளை கண்ட சந்தோஷம் அது.

அப்போதுதான் ஊரிலிருந்து அந்தக் கசட் வந்தது. வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், நாங்கள் எழுதுவதைவிடக் கசட்டில் கதைப்பதுதான் அதிகம். என் மனைவி சல்மாவின் குரல் அழுகையோடு வந்தது. எங்கள் ஒரே மகள் ருகையா, எட்டு வயது, சம்மாந்துறையில் மாமாவின் வயலுக்குப் போன இடத்தில் உழவு மெசினின் இழுவைப் பெட்டியிலிருந்து விழுந்து தொடை முறிந்து மாதக்கணக்கில் பிளாஸ்டரில் கிடந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. இப்போது பிளாஸ்டர் கழற்றியும் முழங்கால் நிமிரவில்லை, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். "நரம்பு செத்துப் போச்சாம் எண்டு சொல்றாங்க. கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டிப் பாக்கணுமாம். எனக்குப் பயமா இரிக்கி, கெதியா வாங்க" என்றாள். நான் கசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மோராவிடம் சொன்னேன். "உன் லீவை முற்கூட்டித் தருகிறேன்" என்றார். "போய் முன்தொடையைப் பார். நரம்பு உயிரோடு இருந்தால் தசை எதிர்க்கும். எதிர்த்தால் வெட்டவே தேவையில்லை, பயிற்சி போதும். எதிர்க்காவிட்டால் ஒரு நாளும் தாமதிக்காதே." என் மகளின் கால் அந்தப் பூச்சியத்துக்கும் ஐந்துக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்பதை நான்தான் பார்த்துச் சொல்லவேண்டும். விமானத்தில் பக்கத்து ஆள் என்னைப் பார்த்து விலகி உட்கார்ந்தான். நான் என் தொடையையே அமர்த்தி அமர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்திருப்பது. அடுத்த வளவு வீடு மனைவியின் தங்கை மைமூனாவுடையது. நான் போய் இறங்கியதும் இரண்டு வளவுச் சனமும் கூடிவிட்டது. பெட்டியைத் திறந்ததும் பவுடர் டின்னைத்தான் எடுத்தேன். ருகையாவின் கால் கையை விட மெலிந்து கிடந்தது. கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதைக் காட்டாமல் பவுடரைக் கொட்டி உருவத் தொடங்கினேன்.

"இஞ்சப் பாருங்க, உங்களுக்கு விசரா?" என்று சல்மா ஓடி வந்தாள். "மூஞ்சிக்குப் பூசக் கொண்டாந்த வெளிநாட்டுப் பவுடரக் காலுக்குக் கொட்டுறீங்க!"

"இதுதான் முறை."

"மேல ஏத்தி ஏத்தி உருவுறீங்களே! எல்லாரும் கீழதான் இழுத்து உடுவாங்க. நோவு நெஞ்சுக்கு ஏறினா என்ன செய்யிற?"

நான் இரத்த ஓட்டத்தை விளக்கினேன். அவள் பவுடர் டின்னைப் பறித்து, மிச்சத்தைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு தேங்காயெண்ணெயோடுதான் காரியம் நடந்தது. மோராவுக்கு இது தெரியாது.

தசையை இளக்கிய பிறகு மகளைக் கட்டில் ஓரத்தில் கால் தொங்கும்படி உட்கார வைத்தேன். அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தினேன். என் கை அவளுடைய கெண்டைக்காலின் முன்பக்கத்தில். "மகள், கால நிமித்தி வாப்பாட கையத் தள்ளுங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கால் தொங்கியபடியே இருந்தது. "பலமாத் தள்ளுங்க ராசாத்தி." தொடையில் என் மற்றக் கையை வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் ஒரு துடிப்பு. அவ்வளவுதான். ஒன்று. எனக்கு உலகம் இருண்டது. எத்தனை அரபிக்குப் பொய்யாக ஐந்து போட்டவன், என் பிள்ளைக்கு இரண்டு என்றாவது போட முடியாதா என்று மறுபடி பார்த்தேன். ஒன்றுதான். "நாளைக்கு விடியக் கொழும்புக்குப் போவம்" என்று சல்மாவிடம் சொன்னேன். அவள் குசினிக்குள் அடுப்படியில் போய் அழுதாள். வேன் பேச ஆள் அனுப்பினோம்.

நான் முற்றத்தில் கதிரையைப் போட்டு இடிந்துபோய் இருந்தேன். உள்ளே ருகையாவும் மைமூனாவின் மகள் பர்வீனும், நான் கொண்டுவந்த கண் மூடித் திறக்கும் பொம்மைக்காகச் சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்கள். ருகையா கட்டிலில் இருந்து இறங்கி ஓடிவர முடியாதவள் என்ற தைரியத்தில் பர்வீன் பொம்மையைப் பறித்து முன்னால் நின்று ஆட்டினாள். திடீரென்று ஒரு சத்தம், பிறகு ஓவென்று அலறல். நான் உள்ளே ஓடினேன். பர்வீன் பாய்மேல் மல்லாந்து கிடந்தாள். ருகையாவின் கால், அந்த மெலிந்த கால், இன்னும் நீட்டியபடி அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது.

"அடிச்சாளா? இந்தக் காலாலயா?" என்று கத்தினேன்.

"இந்தக் காலாலதான் பெரியப்பா! நெஞ்சில உதைச்சிட்டா!" என்று பர்வீன் அழுதாள்.

நான் கைதட்டிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். மைமூனா ஓடி வந்து மகளைத் தூக்கினாள். "என்ட புள்ள கீழ உழுந்து கிடந்து அழுகுது, மச்சான் கைதட்டிச் சிரிக்கிறீங்க! நல்லா இரிக்கி உங்கட நியாயம்!"

"மைமூனா, உன்ட புள்ளைக்கு ஒண்டுமில்ல! என்ட புள்ளைக்குக் கால் இரிக்கி! கால் இரிக்கி புள்ள!"

ஆனால் மறுபடி நான் முன்னால் குந்தித் தள்ளச் சொன்னதும் அந்தக் கால் செத்த கால் போலத் தொங்கியது. அப்போதுதான் நல்ல பக்கத்தை முதலில் பார் என்ற மோராவின் பாடம் மண்டையில் அடித்தது. பதற்றத்தில் நல்ல காலை நான் பார்க்கவே இல்லையே! நல்ல காலைப் பிடித்துத் தள்ளச் சொன்னேன். அதுவும் தொங்கியது. நாள் முழுக்க அவளைத் தாங்குகிற அந்தக் காலுக்கும் என் கணக்கில் ஒன்றுதான்.

"மகள், பர்வீன உதைச்ச நீங்கதானே? ஏன் வாப்பாட கையத் தள்ளுறீங்க இல்ல?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கீழ இரிக்கிறீங்க. கால நீட்டினா உங்கட மூஞ்சிக்கு நேர வரும். வாப்பாவக் காலால உதைச்சாக் குத்தம். உம்மா சொல்லித் தந்த."

குசினி வாசலில் நின்ற சல்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைப் பார்த்து, "நல்லா வளத்திரிக்கிறீங்க!" என்றேன். கோபமா பெருமையா, எனக்கே தெரியாது. கொஞ்சம் தவறியிருந்தால், பிள்ளையின் மரியாதையையே நான் அறுவைக் கத்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்!

பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து, கைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு தலையணையை வைத்தேன். "இது வாப்பா இல்ல, தலகணி. உதைங்க." உதைத்தாள். அமர்த்தினேன், தாங்கினாள். இன்னும் அமர்த்தினேன், மெல்ல இறங்கினாள். நான்கு! பொய்யில்லாத நான்கு! வேன் பேசப் போன ஆளைத் திருப்பிக் கூப்பிட ஓடினேன். அன்றிலிருந்து எங்கள் வீடே பயிற்சிக்கூடம். ஆஸ்பத்திரியில் கணுக்காலில் கட்டும் மணல்பைக்குப் பதிலாகச் சம்மாந்துறை நெல்லைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். கிழமைக்குக் கிழமை ஒரு கை நெல் கூடியது. பர்வீன் பழைய கணக்கைத் தீர்ப்பதற்காகவே எண்ணிச் சொல்ல வந்து உட்கார்ந்தாள், ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு காலையில் ருகையா சுவரை விட்டுவிட்டு முற்றத்தைக் கடந்தாள். சல்மா அலுமாரியைத் திறந்து, பூட்டி வைத்த பவுடரை எடுத்து, மகளின் இரண்டு காலிலும் பூசிவிட்டாள்.

லீவு முடிந்தது. வேன் ஒழுங்கை முனையில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. நான் பெட்டியோடு வாசலுக்கு வந்தால், ருகையா நிலத்தில் உட்கார்ந்து, முதுகை நிலையின் ஒரு பக்கத்தில் சாய்த்து, முறிந்த காலை மறுபக்கம் வரை நீட்டி வாசலை மறித்திருந்தாள். "போகேலா வாப்பா. ஏலுமெண்டாத் தள்ளிட்டுப் போங்க."

நான் குனிந்ததும் அவள் காலை நிலத்திலிருந்து தூக்கி நீட்டினாள்; அதன்மேல் கையை வைத்து அமர்த்தினேன். மெல்ல, பிறகு பலமாக, பிறகு முழுப் பலத்தோடு. முழங்கால் மடங்கவே இல்லை. தலையணை இல்லை, பயம் இல்லை, மரியாதை இல்லை. என் கண்ணுக்குள் கண் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்த்தாள். ஐந்து. என் வாழ்நாளில் நான் போட்ட மிக உண்மையான ஐந்து அதுதான். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது, ஊரைக் கூட்டவேண்டும் போல இருந்தது.

பிள்ளையின் காலைத் தாண்டிப் போக எங்களுக்கு மனம் வராது. "சரி மகள், நீங்கதான் வெண்டீங்க. நான் போகல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன். பெட்டியைச் சல்மா தூக்கிவர, குசினிப் பக்கத்தால் இறங்கி, மைமூனாவின் வளவுக்குள்ளால் நடந்து வேனில் ஏறினேன். வேன் திரும்பும்போது வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் வாசல் தெரிந்தது. அவள் வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டு, காலை மடக்காமல், வாப்பா வெளியே போய்விடாதபடி காவல் இருந்தாள்.