கிணற்றில் இறங்கிய கேமரா

நேற்று மாலை வெகுநேரம் என் தம்பி வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி ஏகாம்பரம் செவிலிமேட்டில் தன் மகனோடு வசிக்கிறான். நாள்தோறும் வீடியோ அழைப்பில் வருவான். வருவான் என்று சொல்வது மரியாதைக்காகத்தான்; வருவது மின்விசிறி. கைப்பேசியை மேசைமேல் மல்லாத்திப் போட்டுவிட்டு, அது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற திடமான நம்பிக்கையில் பேசுவான். "மூஞ்சியக் காட்டுடா" என்றால் நெற்றி வரும். "இன்னும் கீழ" என்றால் பனியன் வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியை நான் பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது.

நேற்று அந்த மின்விசிறிக்கு அடியிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. "ண்ணா, கிணத்துல தண்ணி எவ்ளோ இருக்குது?"

"உனக்கு எதுக்குடா இப்ப அது?"

"சும்மாதான். கேக்கக் கூடாதா?"

கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால், நண்பரே, எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற எளிய வழியை நான் வாழ்நாளில் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு, இன்று காலை பரணில் ஏறி ஒரு பழைய அட்டைப்பெட்டியை இறக்கினேன்.

பெட்டி நிறையக் கம்ப்யூட்டர் கேமராக்கள். திரையின் தலையில் கவ்வி உட்கார்ந்துகொள்ளும் வகை. முட்டை வடிவில் ஒன்று, கழுத்து ஒடிந்து நூலால் கட்டப்பட்டது ஒன்று, எந்தத் திருகைத் திருகினாலும் உலகம் முழுவதையும் பனிமூட்டமாகவே காட்டியது ஒன்று. அவற்றுக்கு நடுவே, முட்டையை வயிற்றில் வைத்திருந்த ஓர் ஊறுகாய்ப் பாட்டில். அதைத் தூக்கியதும் மூக்கில் ஏறியது பூண்டு ஊறுகாய் வாசனை அன்று. பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டும் சொல்யூஷனின் நெடி. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது மூடியைச் சுற்றி உயிரோடிருந்தது.

அந்த நெடி ஒருகாலத்தில் என் கையைவிட்டு நீங்கியதே இல்லை. சேலைக் கரைக்கான டிசைனை வரைந்து, தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் துளையிட்டுக் கொடுப்பது என் தொழில். அந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறியபோது நானும் மாறினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நானாகவே படித்தேன். தானாகப் படித்தவனுக்கு ஒரு குறை உண்டு. 'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியத்தை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருப்பதில்லை. ஆகையால் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும், எந்த சுவிட்ச் பொறி கக்கினாலும் நானே சரிசெய்தேன். நான் சரிசெய்த சமையலறைக் குழாயை மூட இரண்டு கை வேண்டும்; திறக்க யாருமே வேண்டாம். "ஏங்க, உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், இத மட்டும் ரிப்பேர் பண்ணாதீங்க" என்பது என் மனைவி சரோஜாவின் நித்திய பிரார்த்தனையாக இருந்தது.

அந்தப் பாட்டில் கிணற்றில் இறங்கிய கதையைச் சொல்லுமுன் கிணற்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் வீடு முதலில் ஒரே வீடு. அப்பா காலமான பின் எனக்கும் தம்பிக்கும் பாகம் பிரித்தபோது, நடுவில் எழுப்பவேண்டிய சுவர் மிகச்சரியாகக் கிணற்றின் நெஞ்சில் வந்து நின்றது. கிணற்றை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை, அவனும் தயாரில்லை. மேஸ்திரி இருவர் முகத்தையும் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு கல் உத்தரத்தைப் போட்டு அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார். அன்று முதல் எனக்கு ஓர் அரைநிலா, அவனுக்கு ஓர் அரைநிலா. கீழே தண்ணீர் மட்டும் முழு வட்டமாக, எங்கள் பத்திரத்தைப் பொருட்படுத்தாமல் கிடந்தது.

சில ஆண்டுகளில் சுவரில் ஈரம் ஊறி ஓதம் காத்தது. அவன் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீரால் என்றேன் நான். என் வீட்டுத் துவைகல்லால் என்றான் அவன். நான் என் பக்கம் சிமெண்ட் பூசினேன். ஈரம் அவன் பக்கம் போயிற்று. அவன் பூசினான்; அது திரும்பி வந்தது. இப்படிச் சிமெண்டாலேயே கொஞ்சகாலம் பேசிக்கொண்டோம். பிறகு அந்தப் பேச்சும் நின்றது.

அந்த நிலையில்தான் என் மகள் வள்ளிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. எங்கள் பக்கத்து வழக்கம் உமக்குத் தெரிந்திருக்கும்: முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது பங்காளிக்கு. அதையும் புருஷன் பெண்டாட்டி இருவருமாகத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு வாசலில் போய் நின்று வைக்கவேண்டும். அப்படி அழைக்காவிட்டால் கூடப்பிறந்தவனே ஆனாலும் பந்தலில் கால்வைக்க மாட்டான். நானோ தாமலுக்கு பஸ் ஏறிப் போய்ப் பத்திரிகை வைத்தேன்; திருப்புட்குழியில் ஒன்றுவிட்ட அத்தையைத் தேடிப்பிடித்து வைத்தேன். ஒட்டிய சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த வாசலுக்கு மட்டும் போகவில்லை.

"சித்தப்பா வராம கல்யாணமாப்பா?" என்றாள் வள்ளி ஒருநாள். கேள்விபோல் தொடங்கிய அந்த வாக்கியம் முடியும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "வருவான், வருவான்" என்றேன். எப்படி வருவான் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த வேளை பார்த்து மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பைப்பின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் ஃபுட் வால்வில் ஏதோ அடைத்திருக்கிறது, பைப்பை மேலே எடுக்கவேண்டும் என்றார். "ஆனா சார், பைப்பப் புடிச்சிக்கினு இருக்கற கிளாம்பு போல்ட்டு உத்தரத்துக்கு அந்தாண்ட இருக்குது. அவங்க வூட்டுக்குப் போய்த்தான் கழட்டணும்."

நாங்கள் நல்ல முறையில் பழகிய நாளில், தம்பி பக்கம் நின்றுகொண்டு போட்ட போல்ட்டு அது.

"தட்ட எடுத்துக்குனு போலாம் வாங்க. பத்திரிகையும் வெச்ச மாதிரி ஆவும், போல்ட்டும் கழட்டுன மாதிரி ஆவும்" என்றாள் சரோஜா. நான் அவசரப்படவேண்டாம் என்றேன். அடைப்பு மெய்யாகவே அங்கேதான் இருக்கிறதா என்று முதலில் ஆராயவேண்டும் அல்லவா?

இவ்வாறு ஆராய்ச்சி தொடங்கியது. முட்டைக் கேமராவைப் பாட்டிலுக்குள் வைத்தேன். மிதக்காமலிருக்க ஒரு படிக்கல். வெளிச்சத்துக்குக் குட்டி விளக்குகள். மூடியில் துளையிட்டுக் கம்பியை வெளியே எடுத்து சொல்யூஷனால் அடைத்தேன். கம்பி ஓர் அளவுக்குமேல் நீண்டால் படம் செத்துவிடும் என்ற உண்மையை அப்போதுதான் அறிந்தேன். ஆகவே கம்ப்யூட்டரையே, பெருந்தலைத் திரையோடு, கிணற்றடிக்குச் சுமந்து வந்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. தலைக்குமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிக்கொண்டேன்.

"கிணத்தப் போட்டோ புடிச்சா தண்ணி ஏறிடுமா? பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு போர்வ போத்திக்கினு உக்காந்திருக்கறாரு பாரு" என்று சரோஜா தென்னை மரத்திடம் முறையிட்டாள்.

முதல் முறை திரை முழுவதும் வெள்ளை. விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் முறை பாட்டிலுக்குள் ஆவி படிந்தது. மூன்றாம் முறை ஊறுகாய் எண்ணெய் வழிந்து எல்லாம் மஞ்சளாயிற்று. எரிச்சலில் பாட்டிலைத் தண்ணீருக்குமேல் தொங்கவிட்டு விளக்குகளை அணைத்தேன். அப்போதுதான் தெரிந்தது: கீழே கருந்தண்ணீரில் கிணற்று வாயின் பிம்பமாக இரண்டு அரைநிலா, நடுவே கறுப்புக் கோடாக உத்தரம். ஒரு நிலா வெறுமையாக இருந்தது. மற்றதில் ஒரு தலை இருந்தது.

"யாருபா அது, கிணத்துல லைட்டு உட்றது?"

கிணற்றுக்குள் அந்தக் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. நான் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன்.

"ண்ணா, நீதானா? இன்னா பண்ற?"

"வேலையா இருக்கறேன்" என்றேன் போர்வைக்குள்ளிருந்து.

"ஒண்ணியும் தெரியாது உனக்கு அதுல. இரு, நான் டார்ச்சு அடிக்கறேன்."

அடித்தான். அந்த வெளிச்சத்தைப் பைப்பின் அடிக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் நீர் நம்பமாட்டீர்.

"லெப்டுல கொண்டாடா."

"எந்த லெப்டு? உன் லெப்டா, என் லெப்டா?"

"உன் லெப்டு!"

"அங்கதான அடிச்சிக்கினு இருக்கறேன்!"

"அது என் லெப்டுடா!"

நடுவில் வெளிச்சம் கிணற்றுச் சுவரில் ஓடியபோது ஓதத்தின் தடம் தெரிந்தது. உத்தரத்தின் நட்டநடுவிலிருந்து நேர்கோடாகக் கீழே இறங்கியிருந்தது. "பாத்தியா, உன் பக்கம்!" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

சரோஜா பொறுமை இழந்தாள். போர்வையை உருவி எறிந்துவிட்டுக் கிணற்றுக்குள் குனிந்தாள். "தம்பி, வள்ளி கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துடணும்பா."

"கிணத்துல கூப்டா வரமாட்டேன் அண்ணி. வாசல்ல வந்து அண்ணன் கூப்டணும்."

"டேய், முதல்ல அந்தக் கிளாம்பக் கழட்டணும்டா" என்றேன்.

"கிளாம்பக் கழட்றதுக்கும் வாசல் வழியாத்தான் வரணும்."

திரையைப் பார்த்தேன். அவன் இன்னும் குனிந்தபடியே இருந்தான். முகம் தெரியவில்லை, தலையின் விளிம்பு மட்டும். நீரசைவில் அது நடுங்குவதுபோல் இருந்தது. நான் சட்டையை மாட்டினேன். சரோஜா தட்டை எடுத்தாள். நான் ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் வீட்டு வாசலில் போய் நின்றபோது, கூப்பிடவேண்டிய வார்த்தை ஒன்றுகூட நாவில் வரவில்லை. "டார்ச்சு பேட்டரி மாத்து, வெளிச்சமே இல்ல" என்றேன். "உள்ள வாணா" என்றான் அவன்.

ஃபுட் வால்வில் சுற்றியிருந்தது பட்டு நூல் கழிவு. மாம்பழ நிறம். அது யார் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதில் திருமணத்தன்றும் எங்களுக்குள் கருத்துவேற்றுமை இருந்தது. பந்தலில் பந்தி விசாரித்துக்கொண்டே அவன் சம்பந்தி வீட்டாரிடம் தன் கட்சியை எடுத்துரைத்தான்.

பிறகு கேமரா கிணற்றிலேயே தங்கிவிட்டது. நீர்மட்டம் பார்ப்பதற்கு என்று சொல்லிக்கொண்டேன். மாலையில் திரையைப் போட்டால் மற்ற அரைநிலாவில் அவன் தலை வரும். வாசல்கள் அடுத்தடுத்து இருந்தும் நாங்கள் பேசிக்கொண்டது அந்த வழியாகத்தான். பேச்சு என்பது பெரிதாக ஒன்றுமில்லை. என் கம்பி சரியில்லை என்பான், அவன் டார்ச் சரியில்லை என்பேன்.

சென்ற ஆண்டு மகன் சொல் கேட்டு அவன் தன் பாகத்தை விற்றான். வாங்கியவர்கள் சேலைக் கிடங்காக்கினார்கள். கிடங்குக்குக் கிணறு எதற்கு? அவர்கள் பக்கத்தில் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அன்றே நான் பாட்டிலை மேலே எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். மூடியதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனும் அந்தத் தெருப்பக்கம் வருவதில்லை.

இன்று காலை, வள்ளி விட்டுச்சென்ற மடிக்கணினியில் கேமராவைச் செருகினேன். சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்றது. பிடுங்கிச் செருகினேன், தெரியவில்லை என்றது. அதனிடம் என்னென்னவோ கெஞ்சி, ஒருவழியாகப் படம் வந்ததும் பாட்டிலைக் கிணற்றில் இறக்கிவிட்டுத் தம்பியை அழைத்தேன். வழக்கம்போல் மின்விசிறி வந்தது. "பாரு, தண்ணி இருக்குது" என்று கிணற்றின்மேல் குனிந்தபடி கைப்பேசியைத் திரைக்கு எதிரே பிடித்தேன்.

மின்விசிறி ஆடியது. பிறகு, நெற்றியும் அன்று பனியனும் அன்று, அவன் முகம் முழுமையாக, நேராக வந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். கறுப்பு நீரில் ஓர் அரைநிலாவும் அதில் என் தலையும் இருந்தன.

"ண்ணா, என் பக்கம் எங்க?"

"நீ எப்பதான் டார்ச்ச சரியா புடிச்சிருக்கற?" என்றேன்.

அவன் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனான். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு திரையில் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.