நாற்பத்தொரு வீடும் இரண்டு டப்பாவும்

என் தம்பி பூமாலை இருபத்திரண்டு வருடம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைவிடப் பெருமை எங்கள் குலதெய்வப் பூசையில்தான். நாற்பத்தொரு பங்காளி வீட்டையும் தாள் பார்க்காமல், வரிசை மாறாமல் கூப்பிடுவான். கூப்பிட்டால்தான் அந்த வீட்டுக்குக் கறிக்கூறு. ஒரு வீடு விட்டுப்போனால் தள்ளிவைத்ததாக அர்த்தம், அடிதடியில் முடியும்.

போன தை மாதம், நிறுத்திய லாரியைத் தேடி அரியலூர் ரயிலடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். வயது ஐம்பத்து நான்குதான்.

பூசைக்கு இருபத்தோரு நாள் இருந்தபோது மருந்துக்கடை அறிவரசனிடம் போனேன். டாக்டர் சீட்டில்லாமல் தருவதில் இரண்டு டப்பா எடுத்து வைத்தார். ஒன்று மீன் எண்ணெய், ஒன்று வல்லாரை.

"மறதியைத் தீர்க்கும்னு ரெண்டுக்கும் நான் சொல்ல மாட்டேங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"பூசை முடியட்டும்" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

காப்புக் கட்டிவிட்டால் கவிச்சி ஆகாது. அதனால் முதல் பத்து நாள் மீன் எண்ணெய், காப்புக் கட்டியபின் பத்து நாள் வல்லாரை. தினமும் காலை ஆறு மணிக்கு வீடுகளை வரிசையாகச் சொல்ல வைத்து நோட்டில் குறித்தேன். மீன் எண்ணெயில் இருபத்தொன்பதிலிருந்து முப்பத்து மூன்று. வல்லாரையில் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, கடைசி நாள் நாற்பத்தொன்று! நோட்டை ஓடிப்போய் அவன் மகள் இலக்கியாவிடம் காட்டினேன்.

"பெரியப்பா, தினமும் ஒரே வரிசையைக் கேட்டா கிளிகூடத்தான் சொல்லும். மீன் எண்ணெயை ரெண்டாவதா குடுத்திருந்தா அது ஜெயிச்சிருக்கும். நடுவுல ஒரு ஆளைக் கேளுங்க."

எதிரே தம்பியோடு உட்கார்ந்து பங்காளி சிங்காரவேலு டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்பியிடம் கேட்டேன்.

"சிங்காரவேலு யாருடா?"

"பதினேழாவது வூடு."

"ஆளு யாருன்னு கேக்குறேன்."

தம்பி என்னையே பார்த்தான். சிங்காரவேலு சிரித்தார். "என்னடா மாப்புள முறுக்கா? என்னைத் தெரியலையா?" அவன் அவரைப் பார்த்துவிட்டு மறுபடி என் முகத்துக்கே திரும்பினான். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் பூசை. அவனை நிறுத்திவிடவும் மனம் வரவில்லை, விடவும் பயம். முன்வரிசையில் போய் நின்றேன். நாற்பத்தொரு வீட்டையும் கூப்பிட்டான். ஒன்று பிசகவில்லை. கூட்டம் கை தட்டியது.

பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தான். "சரியா கூப்பிட்டேனாண்ணே? ஒருத்தரையும் தெரியல. உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொன்னேன்."

திங்கட்கிழமை திருச்சிக்கு நரம்பு டாக்டரிடம் போகிறோம். என்ன கொடுத்தேன், எத்தனை மணிக்கு, எல்லாம் நோட்டில் இருக்கிறது. என்றைக்கிலிருந்து அவனுக்கு முகங்கள் தெரியவில்லை என்பது மட்டும் இல்லை.