கன்னத்தில் அதக்கிய வேர்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, ஓயாமல் முனகும் மின்விசிறி, ஜன்னல் இடுக்கில் நுழையும் டீசல் புகை. எந்த வண்டி எந்த நடைமேடை என்று பொழுதுக்கும் சொன்னால் எந்தத் தொண்டைதான் தாங்கும்? அப்படிக் கம்மிப்போன ஒரு நாள், தன் வண்டி தாமதம் என்று சொல்ல வந்த ஓட்டுநர், சட்டைப்பையிலிருந்து அதிமதுர வேர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். ரெண்டு நாள் அதக்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்றார். சரியாயிற்று. அவரையே கட்டிக்கொண்டாள். வேரைத்தான் விட முடியவில்லை. தினமும் காலையில் அவரே நறுக்கிக் கொடுப்பார். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

இப்போது கண்ணில் புரை. அறுவைக்குப் போகும்போதெல்லாம் ரத்த அழுத்தம் எகிறி நிற்க, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லை. கணுக்கால் வேறு வீங்கிக் கிடந்தது. எதிரே உட்காரும் கணவர் முகமே கலங்கலாகிவிட்டது.

வேறு மருந்து ஏதும் உண்டா என்று மருத்துவர் அம்மா கேட்டதற்கு, இல்லவே இல்லை என்றாள்.

"அப்ப கன்னம் ஏன் உப்பியிருக்கு? பல் வலியா?"

எடுத்துக் காட்டினாள். "இது மருந்தில்லீங்களே. வேர்தானே."

மருத்துவர் சிரிக்கவில்லை. இருமலுக்குச் சில நாள் என்றால் பெரும்பாலோருக்குக் கேடில்லை. வருஷக்கணக்காக மென்றால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும், அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பே தடுமாறலாம், அழுத்தம் உள்ளவர்கள் தொடவே கூடாது என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் இதைச் சொன்னதும் கணவர் வேர் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நானாடி உனக்கு இதைப் பண்ணினேன்?"

"நீங்க ரெண்டு நாள்னுதான் சொன்னீங்க. கேக்காதது நான்."

வேரை விட்டு வாரங்கள் போகப் போக வீக்கம் வடிந்தது, அழுத்தமும் ஒரு கட்டுக்குள் வந்தது. அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஆனால் வெறும் வாயை என்ன செய்வது? பேச ஆரம்பித்தாள். காலையில் தொடங்கினால் மாடி வீட்டுக்காரி, தண்ணீர்க் குழாய், மருமகளின் தலைவாரல் என்று ஒன்றும் மிச்சமில்லை.

"மைக்ல அவ்ளோ பேசுறவ வீட்டுல ஏன் 'ம்'னு மட்டும் சொல்றான்னு யோசிப்பேன்," என்றார் அவர். "நானே வாயை அடைச்சு வச்சிருக்கேன்."

"கண்ணும் தெரியட்டும். அப்புறம் இருக்கு உங்களுக்கு."