காத்திருக்கத் தெரியாத புள்ளிகள்

ஆத்திரத்தில் ஓசூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். நிஜத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் என்றால் எனக்கு உயிர் என்பது இந்த இணையக் குழுவுக்கே தெரியும்.

இன்று எங்கள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் கேன்டீனை ஓட்டிப் பார்த்தார்களாம், அதுவே போதுமாம்.

பிளானிங் இன்ஜினியரின் திரையைப் போய்ப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தனியாக வந்து, தின்று, போகிறது.

எங்கள் செக்‌ஷனில் கடைசி ஆள் வரும்வரை யாரும் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டோம். மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசியாக வருவது வேப்பனப்பள்ளி லட்சுமியக்கா.

“சார், இந்தப் புள்ளிங்க யாருக்காச்சும் காத்திருக்குமா?”

“எதுக்குப்பா காத்திருக்கணும்? பசிச்சா சாப்பிடப் போறாங்க.”

“அப்ப நாளையிலருந்து கடைசியா வர்ற லட்சுமியக்கா பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்கணும் சார். இல்ல, தனியா உக்காந்து திங்கணும்.”

“மாடல்ல அப்பிடி ஒண்ணும் வரலியே.”

அவர் மேசையிலும் டிபன் பாக்ஸ் மூடியே இருந்தது.

“நீங்க இன்னும் சாப்பிடலியா சார்?”

“மேனேஜர் வரட்டும், சேந்து சாப்பிடுவோம்.”

அந்தத் திரையில் இவருடைய புள்ளி எது என்று எவ்வளவோ தேடினேன். கண்டுபிடித்தவர்கள் பதில் போடுங்கள்.