நாசிலில் ஒடிந்த முள்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம், ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து கிளம்பும் முதல் பஸ் கண்மாய்க் கரையைத் தாண்டும் நேரம். வயலோரக் கட்டிலில் கண் விழித்த நான் முதலில் பார்த்தது புகையை. எங்கள் ஆயில் இன்ஜினிலிருந்து கிளம்பி, பனியோடு கலந்து, போக இடம் தெரியாததுபோல நெற்கதிர்களின் மேலேயே கறுப்பாகப் படுத்துக் கிடந்தது.

"கருப்பாக் கக்குது பாரு," என்றார் அய்யா, ஆத்தாவிடம். "எண்ணெ சரியா எரியல."

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. மடைக்குக் கீழே இறங்கிவிட்ட கண்மாய்த் தண்ணீரை இறைப்பதற்காக மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கிய இன்ஜின், விடியலிலிருந்து மறு விடியல்வரை ஒரு வீட்டுக்கு என்று "முறை" வைத்து ஓடியது. நெல் பால் பிடித்திருந்தது. அன்று எங்கள் முறை; அதில் தண்ணீர் பாயாவிட்டால் இரண்டு ஏக்கரும் பதர்தான் என்பது எனக்கே தெரியும்.

டீசலைப் பீய்ச்சும் "நாசில்" விரல் நீளம்கூட இருக்காது. அதன் நுனியில் தலைமயிர் நுழையும் அளவுக்கு மூன்று துளைகள். மூன்றிலும் ஒரே அளவாக எண்ணெய் தூவினால் இன்ஜின் சீராக இழுக்கும், ஒன்றில் கரி அடைத்தாலும் புகைந்து திணறும். லாஞ்சுப் படகுகளின் இன்ஜின்களைப் பழுது பார்க்கிற கீழக்கரை காசிம் பாய் முந்தைய வருடம் வந்தபோது, துளையில் இரும்பு படக்கூடாது, இம்மி பெரிதானாலும் எண்ணெய் தூவாமல் சொட்டும் என்று சொல்லியிருந்தார். அய்யா அதை மறக்கவில்லை. அதனால்தான் இன்ஜினை நிறுத்தி நாசிலைக் கழற்றியவர், ஊசியை விட்டுவிட்டு, காதுத் துளை தூர்ந்தால் குத்துவதற்கென்று எங்கள் பக்கத்து வீடுகளில் கூரையில் செருகி வைத்திருக்கும் கருவேல முள்ளை எடுத்துப் பொறுமையாகத் திருகினார். மூன்றாவது துளையில் முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது.

சித்தப்பா எட்டு மணி பஸ்ஸில் போய்ப் பாயை அழைத்து வந்தபோது மூன்றரை. அதுவரை அய்யா சாப்பிடவில்லை; வரப்பில் உட்கார்ந்து வெடித்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் நாசிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "என்னத்தண்ணே இதுக்குள்ள விட்டிய?"

"முள்ளு," என்றாள் ஆத்தா.

"நல்லவேள, கடப்பாற ஆப்புடல போல."

"இரும்பு படக்கூடாதுன்னு நீங்கதான பாய் சொன்னிய."

பாயின் சிரிப்பு நின்றது. "ஆமாத்தா. எதால குத்தணும்னு சொல்லாமப் போனவனும் நாந்தான்."

தகர டப்பாவிலிருந்து, துளையின் அளவுக்கென்றே இழுத்த மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உள்பக்கமிருந்து தள்ளித் தள்ளி முள்ளை வெளியேற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு நாசிலை இன்ஜினுக்கு வெளியே குழாயில் மாட்டி, எதிரே பனைமரத்தில் ஒரு தாளைக் குத்தி வைத்தார்.

"யாரும் கைய நீட்டிராதிய. எண்ணெ தோலக் கிழிச்சு உள்ள போயிரும்."

சித்தப்பா கைப்பிடியைச் சுற்ற, கிர்ரென்ற சத்தத்தோடு எண்ணெய் மூன்று விசிறிகளாக விரிந்தது. சாய்வெயிலில் அந்தத் தூவல் அந்தரத்திலேயே நின்று நிறம் மாறி நிறம் மாறி மெல்ல இறங்கியதை, சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டதுபோல, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தாளில் மூன்று வட்டங்கள். பாய் தீக்குச்சியை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். மூன்றும் ஒன்றுபோல இருந்தன.

ஐந்தேகாலுக்குத் தண்ணீர் விழுந்தது. மறுநாள் விடியலில் பக்கத்து வீட்டார் முறைக்கு வந்து நின்றபோது வயலில் மேலைப் பாதிதான் நனைந்திருந்தது. எங்கள் அடுத்த முறை வருவதற்குள் கண்மாயில் நாங்கள் இறைக்கும் குழியில் சேறு மட்டுமே மிஞ்சியது.

இப்போது அங்கே மின்மோட்டார்கள்தான் ஓடுகின்றன. முறை என்ற ஏற்பாடு இல்லை. இன்ஜின் கொட்டகை இருந்த இடம் ரோட்டுக்குள் போய்விட்டது. அந்த வருடம் மேலைப் பாதியை அறுத்தோம். கீழைப் பாதியில் மாடுகளை அவிழ்த்துவிட்டோம்.