உங்களோடு சேர்த்தால் பத்து

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பதினேழு ஆண்களின் பெயர்கள், தொலைபேசி எண்கள், பக்கத்திலேயே சாய்வான கையெழுத்தில் ஆளுக்கொரு குறிப்பு. "காது மந்தம், எடுக்கும்வரை மணி அடிக்கட்டும்." "முதலில் நாயை விசாரி." "வரமாட்டேன் என்பார், வந்துவிடுவார்." எழுதியவர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் யூதர்களின் ஜெப ஆலயத்துக்குச் செயலாளராக இருந்த பெரியவர். அவர் மின்னஞ்சலில் அனுப்பியதை நான் பள்ளிபாளையத்தில் அச்செடுத்து ஒட்டிக்கொண்டேன்.

வெளிநாட்டு அலுவலகங்களுக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறவள் நான். அந்தச் சபையின் உறுப்பினர் பட்டியல், அறிவிப்புகள், இறந்தவர்களின் திதியை உரியவர்களுக்கு நினைவூட்டும் கடிதம், எல்லாம் என் பொறுப்பு. ஆம், அவர்களுக்கும் திதி உண்டு, அவர்கள் நாட்காட்டிப்படி. பெரியவரோடு பேசும்போது எங்கள் தெருத் தறிச் சத்தம் அவர் காதில் விழும். ஜன்னலைச் சாத்தப் போனால் வேண்டாம் என்பார். அவர் ஊரும் ஒரு காலத்தில் துணி மில் ஊராம்.

திங்களும் வியாழனும் அங்கே காலை வழிபாடு. பத்து ஆண்கள் கூடினால்தான் இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லலாம். ஒன்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தாலும் சொல்லக் கூடாது. சபையோ சுருங்கிப்போனது. அதனால் அந்த நாட்களில் நான் பதினேழு பேரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் "உங்களோடு சேர்த்தால் பத்து" என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் சபையை நடத்திய விதம். "எல்லாருமே எப்படி ஐயா பத்தாவது ஆளாக முடியும்?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "யார் வராமல் போகிறாரோ அவர்தான் பத்தாவது ஆள்" என்றார்.

நாலு மாதம் ஒழுங்காகக் கூப்பிட்டேன். பிறகு எனக்குப் புத்தி அதிகமாகிவிட்டது. நாய்க்குச் சளி, பேரனுக்குப் பரீட்சை என்று ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேசினால் என் மற்ற வேலை என்ன ஆவது? வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். "நாளை வழிபாடு. வருவோர் கட்டைவிரல் காட்டவும்." ஒரே நொடியில் முடிந்தது. பெரியவர் அந்தக் குழுவில் இல்லை; அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். "எல்லாரையும் கூப்பிட்டாயா?" என்று கேட்டார். "கூப்பிட்டேன் ஐயா" என்றேன். செய்தி அனுப்புவதும் கூப்பிடுவதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது அப்படியல்ல என்று எனக்கா தெரியாது? அதற்கு முந்தின வருடம்தான் தம்பி கல்யாணப் பத்திரிகையை எருமப்பட்டிப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வாட்ஸ்அப்புல கூப்புட்டா வாட்ஸ்அப்புலயே சாப்புட்டுக்கறோம், போ சாமி" என்று போனை வைத்துவிட்டார். அம்மா என்னைப் பிடித்துக் கத்தினாள்: "ஊடு தேடிப் போயிக் கூப்புட்டாத்தாண்டி கூப்புட்டது!" மறுநாளே வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு போய் நின்றோம். நம் சொந்தத்துக்கு ஆகாது என்று தெரிந்ததையே அந்தக் கிழவர்களுக்குப் போதும் என்று நினைத்தேனே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மூன்று வாரம் எப்படியோ பத்துப் பேர் தேறினார்கள். நான்காவது வாரம் ஒரு வியாழக்கிழமை, பெரியவரின் மனைவிக்குத் திதி. நினைவூட்டல் கடிதத்தை அனுப்பியவளே நான்தான். குழுவில் பதினோரு கட்டைவிரல் விழுந்திருந்தது. நம்பி வேறு வேலை பார்த்தேன். மதியம் அவரே அழைத்தார். அங்கே காலை.

"ஒன்பது பேர் வந்தோம். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஜெபம் சொல்லாமலே கலைந்துவிட்டோம்." குரலில் கோபமே இல்லை. "நீ கூப்பிட்டாய்தானே?"

வேலை போய்விடுமோ என்ற பயம். "கூப்பிட்டேன் ஐயா."

அவர் சொன்னார்: "காது மந்தமானவர் இன்று விசாரித்தார். மூன்று வாரமாக அந்தப் பெண்ணின் குரலையே காணோமே, உடம்புக்கு ஏதாவதா என்று. நன்றாக இருக்கிறாயா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "காய்ச்சல் ஐயா" என்றேன், வெட்கங்கெட்டவள். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பொய், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். அவர் தோண்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று மாலையே அந்தக் குழுவைக் கலைத்தேன்.

அவருக்கு இப்போது நடை தளர்ந்து, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். தாளின் அடியில் பதினெட்டாவதாக அவர் பெயரை நானே எழுதிச் சேர்த்தேன். திங்களும் வியாழனும் அவரையும் கூப்பிட்டு "உங்களோடு சேர்த்தால் பத்து ஐயா" என்கிறேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த மனிதர், முதல்முறை கேட்பவர்போல, "அப்படியா? அப்படியானால் கிளம்ப வேண்டுமே" என்கிறார். ஒவ்வொரு முறையும் நடந்ததைச் சொல்லிவிட வாயெடுப்பேன். சொன்னதில்லை.

போன வாரம் மறுபடி அந்தத் திதி வந்தது. நாயை விசாரித்தேன், பேரனை விசாரித்தேன், காது மந்தமானவருக்கு மூன்று முறை மணி அடித்தேன். கடைசியாக அவரை அழைத்தேன்.

"எல்லாரையும் கூப்பிட்டாயா?"

"கூப்பிட்டேன் ஐயா."

"தெரியும். இந்த முறை கூப்பிட்டாய்" என்றார். "நான் கிளம்புகிறேன், நேரமாகிறது."

ஹெட்போனைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி கொண்டுவந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?" என்றாள்.

தறிப் பஞ்சு விழுந்துவிட்டது என்றேன்.