மாம்பலமா, ஊரப்பாக்கமா

எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் ஊரப்பாக்கத்து அத்தையைக் கேட்காமல் கிளம்பியதில்லை. அத்தை என் அப்பாவுக்கு அக்கா. தன் வீட்டு நாள்காட்டியைப் பார்த்து, எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்று போனில் சொல்வார். அப்புறம்தான் அப்பா செருப்பில் காலை நுழைப்பார். அதே நாள்காட்டி புதுப்பட்டினத்தில் எங்கள் கடையிலும் தொங்கியது. ஆனாலும் அக்கா வாயால் வந்தால்தான் அவருக்கு அது நல்ல நேரம்.

எனக்கு ஒன்பது வயதில், அப்பா தன் எலெக்ட்ரிக் கடையை மூன்று நாள் மூடிவிட்டு எங்களுக்குச் சென்னையைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டார். எங்கே தங்குவது என்பதில்தான் வீடு ரெண்டுபட்டது. சித்தி மாம்பலத்தில் நான்காவது மாடியில் இருந்தார். கீழே இறங்கினால் துணிக்கடைகள், அது அம்மாவுக்கு. ஏறி இறங்க லிஃப்ட், அது எனக்கு. லிஃப்ட் உள்ள வீட்டில் தூங்கப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஊரப்பாக்கமும் சென்னைதான் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் புதுப்பட்டினமும் சென்னைதான், எதற்காகக் கடையை மூட வேண்டும் என்று அம்மா கேட்டார். அதோடு மாம்பலம் ஜெயித்தது.

கூடப்பிறந்தவள் வீட்டைத் தாண்டிப் போய் இன்னொரு இடத்தில் தங்குவது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. அதனால் அத்தைக்குத் தெரியாமல் போய்விட்டு, திரும்பும்போது ஸ்வீட்டோடு எட்டிப் பார்ப்பது என்று முடிவானது. இவ்வளவையும் பேசி முடித்த அப்பா, சனிக்கிழமை சாயங்காலம் பழக்க தோஷத்தில் அத்தைக்குப் போன் போட்டு, நாளைக்குக் கிளம்ப நல்ல நேரம் எது என்று கேட்டுவிட்டார். ஏழரைக்கு மேல் என்று பதில் வந்தது. எங்கே போகிறாய் என்று அத்தை கேட்கவேயில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

செங்கல்பட்டில் ரயில் ஏறினோம். எங்கள் குடும்பத்துக்கு எப்போதும் முதல் பெட்டிதான். ஊரப்பாக்கம் நெருங்கியதும் எல்லோரும் குனிந்துகொள்ளச் சொன்னார் அப்பா. அம்மா பையைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அப்பா காலில் இல்லாத ஷூவுக்கு லேஸ் கட்டினார். நான் மட்டும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். முதல் பெட்டி நிற்கிற இடத்தில் அத்தை பட்டுப் புடவையில் நின்றிருந்தார். பக்கத்தில், யாரிடமும் சிரிக்காத அவருடைய மாமியார்.

அத்தை வாசலில் ஏறி ஒரு காலை உள்ளே வைத்தார். எங்கள் மூன்று முதுகுகளையும் பார்த்தார். பிளாட்பாரத்தில் நின்ற மாமியார் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"நான் சொன்னேன் இல்ல அத்தே, என் தம்பி குடும்பத்தோட வந்துகினு கீறான்னு."

அப்பா ஏதோ இங்கே இறங்கத்தான் டிக்கெட் எடுத்தவர் மாதிரி சிரித்துக்கொண்டே எழுந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாம்பலம், மாம்பலம் என்று அலறினேன். அத்தை என்னைப் பிய்த்தெடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். ரயில் என் லிஃப்டோடு போய்விட்டது.

அன்று மதியம் வரை நான் சாப்பிடவில்லை. காரணம் தெரிந்ததும் அத்தை என்னைப் பெரிய ரோட்டோரம் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடிக்கு அழைத்துப்போனார். வாட்ச்மேன் மறித்தார். "என் பொறந்த வூட்டுப் பொண்ணு, லிஃப்டு பாக்கணும்னு ஏங்கிப்போய் கீது அண்ணாத்த" என்றார் அத்தை. ஏழு முறை ஏறி இறங்கினோம். எட்டாவது முறை வாட்ச்மேனே கூட வந்தார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் அடிக்கடி கிடைத்ததில்லை. மாம்பலம் மறந்தே போனது. தினமும் காலையில் ரயிலேறி ஊர் சுற்றினோம். திரும்பி வந்ததும் அந்த ஒற்றை அறையில் வரிசையாகப் படுத்து, மாமாவின் குறட்டையை எண்ணிச் சிரித்தோம். சாயங்காலங்களில் அத்தை எங்களைத் தெருவில் ஒரு வீடு விடாமல் கூட்டிப்போனார். ஊரப்பாக்கத்தைச் சுற்றிக் காட்டுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

அத்தைக்குக் கல்யாணமான நாளிலிருந்து பிறந்த வீட்டுக்காரர்கள் யாரும் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை என்பதும், மாமியார் அதைச் சொல்லிக் காட்டாத நாளே இல்லை என்பதும் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசி நாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை குழம்புச் சட்டியோடு வந்தார். மாமியார் எழுந்து அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"உன் ஜனம் வந்துகீது. நீயும் கூட ஒக்காரு. நான் போடறேன்."

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டு வாய் சாப்பிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அம்மா குனிந்துகொண்டே சாப்பிட்டார். மீன்குழம்பு அத்தைக்குக் காரம் போலிருக்கிறது என்று, நான் என் டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.